பதினைந்தை வகுத்த இயந்திரம்

2001-ஆம் ஆண்டின் கடைசியில், கலிபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆல்மடென் ஆய்வகத்தாரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து ஒரு கணக்குக்கு விடை கண்டுபிடித்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 15 என்ற எண்ணின் காரணிகள் எவை என்பது கணக்கு. விடை 3, 5. வாய்ப்பாடு படித்த எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். இதற்காக அவர்கள் ஒரு மூலக்கூறையே புதிதாகத் தயாரித்தார்கள். அதிலிருந்த ஐந்து ஃபுளூரின் அணுக்களையும் இரண்டு கார்பன் அணுக்களையும் ஏழு ‘க்யூபிட்’களாக வைத்துக்கொண்டு, அந்த மூலக்கூறு அடங்கிய திரவத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றி, வலுவான காந்தப்புலத்துக்குள் நிறுத்தி, ரேடியோ அலைகளால் தட்டித் தட்டிக் கணக்குப் போட வைத்தார்கள்.

கேட்டால் சிரிப்பு வரும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு வராது. வங்கிகளின் மென்பொருளைப் பராமரிக்கும் ஒரு சென்னை நிறுவனத்தில் எனக்குச் சாவி பார்த்துக்கொள்ளும் வேலை. இரும்புச் சாவி அல்ல. ஏடிஎம்முக்கும் சர்வருக்கும் நடுவே, உங்கள் கைபேசிக்கும் வங்கிக்கும் நடுவே போகிற தகவலைப் பூட்டி அனுப்புகிற எண்கள். அவற்றை உருவாக்குவது, பத்திரமாக வைப்பது, காலாவதியாகுமுன் மாற்றுவது என்று போகிறது பொழுது. ஒரு சர்டிபிகேட்டின் தேதியை மறந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடிக்கும்போது போன் அடிக்கும். இந்தப் பூட்டுகளில் முக்கியமானதன் பெயர் ஆர்எஸ்ஏ. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் உருவாக்கியது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்த விடையிலிருந்து அந்த இரண்டையும் திரும்பக் கண்டுபிடிப்பது மகா கடினம் என்ற ஒன்றை நம்பித்தான் அது நிற்கிறது. சோதனைக் குழாயில் 15-ஐப் பிரித்த அதே வழி, இயந்திரம் பெரிதானால், நாங்கள் பயன்படுத்தும் 617 இலக்க எண்ணையும் பிரித்துவிடும்.

குவாண்டம் கம்ப்யூட்டர் என்றதும் பலர் மனதில் எழுவது இன்றைய கம்ப்யூட்டரின் அதிவேக வாரிசு. என் அண்ணன் மகன், அதில் கேம் விளையாடினால் தடங்காமல் ஓடுமா என்று கேட்டான். கேமும் ஓடாது, எக்செல்லும் ஓடாது. பெரும்பாலான வேலைகளில் நம் மேசைக் கணினியே அதைவிட வேகமாகச் செய்யும். அது வேறு ஜாதி இயந்திரம். சில கணக்குகளில் மட்டும், அந்தக் கணக்கின் உள்ளமைப்பு ஒத்துவந்தால், நம் கணினிகள் நெருங்கவே முடியாத இடத்துக்குப் போய்விடும். எந்தக் கணக்கு ஒத்துவரும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. செய்திகளில் விட்டுப்போவதும் அதுதான்.

சாதாரண பிட் 0 அல்லது 1. க்யூபிட் என்பது இரண்டு எண்களால் விவரிக்கப்படும் ஒன்று: 0-க்கு ஒரு வீச்சு, 1-க்கு ஒரு வீச்சு. இந்த வீச்சு, சாத்தியக்கூறு போன்றது அல்ல, மைனஸிலும் இருக்கலாம். இரண்டு க்யூபிட்களுக்கு நான்கு வீச்சுகள், மூன்றுக்கு எட்டு. ஒவ்வொன்று கூடும்போதும் இரட்டிப்பு. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காகிதத்தில் படித்தபோது நான் உணரவில்லை. குவாண்டம் கணினியைப் போலி செய்து பார்க்கும் இலவச மென்பொருளை என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது உறைத்தது. 25 க்யூபிட் வரை தடையில்லாமல் ஓடியது. 28-இல் மின்விசிறி இரையத் தொடங்கியது. 30 என்று கொடுத்ததும் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. நூறு கோடிக்கு மேற்பட்ட வீச்சுகள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். அதற்கே 16 ஜிபி வேண்டும். என் கணினியில் இருப்பதே அவ்வளவுதான். 50 க்யூபிட் என்றால் ஒரு கோடியே 67 லட்சம் ஜிபி. இயற்கை இத்தனையையும் ஒரு சிறு சில்லுக்குள் எந்தக் கணக்குப்பிள்ளையும் இல்லாமல் வைத்துக்கொள்கிறது.

இங்கேதான் பலரும் ஒரு படி தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். “எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும்” என்று எழுதுகிறார்கள். முயலட்டும், அதனால் என்ன பயன்? அளந்து பார்க்கிற நொடியில் அத்தனை வீச்சுகளும் மறைந்து ஒரே ஒரு விடைதான் கைக்கு வரும். எது வரும் என்பதை வீச்சுகள் தீர்மானிக்கும். எல்லா வீச்சும் சமமாக இருந்தால் ஏதோ ஒரு விடை வரும். குலுக்கல் சீட்டு எடுக்க நூறு கோடி ரூபாய் இயந்திரம் தேவையில்லை.

சாமர்த்தியம் அளப்பதற்கு முன்னால் இருக்கிறது. குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல் போட்டால் இரண்டு வட்டங்கள் விரிந்து ஒன்றன்மீது ஒன்று ஏறும். மேடும் மேடும் சேருமிடத்தில் தண்ணீர் உயரும். மேடும் பள்ளமும் சேருமிடத்தில் ஒன்றுமில்லாமல் போகும். வீச்சுகளும் அப்படியே. தவறான விடைகளின் வீச்சுகள் பிளஸும் மைனஸுமாக அடித்துக்கொண்டு அழியவேண்டும், சரியான விடையின் வீச்சுகள் சேர்ந்து உயரவேண்டும். சரியான விடை எது என்று தெரியாமலேயே இதை ஏற்பாடு செய்யவேண்டும். அதற்குக் கணக்குக்குள்ளேயே ஏதாவது ஒழுங்கு ஒளிந்திருக்கவேண்டும்.

1994-இல் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் கண்டுபிடித்தது அப்படியொரு ஒழுங்கைத்தான். பென்சிலும் காகிதமும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். 15-ஐப் பிரிக்க வேண்டும். ஏதோ ஒரு எண்ணை எடுங்கள், 7 என்று வையுங்கள். 7-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 7. 7 பெருக்கல் 7, 49, மீதி 4. அதை மறுபடி 7-ஆல் பெருக்கினால் 28; மீதி 13. மறுபடி பெருக்கினால் 91, மீதி 1. அடுத்தது மீண்டும் 7. இனி 7, 4, 13, 1 என்றே சுற்றிக்கொண்டிருக்கும். நான்கு அடிக்கு ஒரு சுற்று. நான்கில் பாதி இரண்டு. 7-இன் இரண்டாம் அடுக்கு 49. அதற்கு ஒன்று குறைவு 48, ஒன்று கூடுதல் 50. 48-க்கும் 15-க்கும் பொதுவான பெரிய வகுத்தி 3. 50-க்கும் 15-க்கும் பொதுவானது 5. முடிந்தது. 21-ஐ 2 என்ற எண்ணை வைத்து முயன்று பாருங்கள்; ஆறு அடிக்கு ஒரு சுற்று வரும், 7-உம் 3-உம் கையில் விழும். சில சமயம் எடுத்த எண் ஒத்துழைக்காது, வேறொன்று எடுக்கவேண்டும், அவ்வளவே.

ஆக, ஒரு எண்ணைப் பிரிப்பது என்பது, மீதிகளின் சுற்று எத்தனை அடி நீளம் என்று கண்டுபிடிப்பதுதான். 15-க்கு நான்கு அடி. 617 இலக்க எண்ணுக்கு அந்தச் சுற்றே நூற்றுக்கணக்கான இலக்க நீளம். ஒவ்வொரு அடியாக நடந்து பார்க்கப் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. ஆனால் சீராகத் திரும்பத் திரும்ப வருவது எதுவோ, அது அலைகளின் ராஜ்ஜியம். ஷோரின் முறை எல்லா அடிகளையும் ஒரே வீச்சுப் பரப்பில் விரித்து, அவற்றை ஒன்றோடொன்று மோதவிடுகிறது. சுற்றின் நீளத்தோடு ஒத்துப்போகாத வீச்சுகள் அழிகின்றன, ஒத்துப்போவது மிஞ்சுகிறது. அளந்தால் சுற்றின் நீளத்துக்கான துப்பு கிடைக்கும். மீதிக் கணக்கைச் சாதாரணக் கணினியே முடித்துவிடும்.

சாதாரணக் கணினிகளின் நிலைமை என்ன என்று கேட்டால், 2020-இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். ஒரு செயலியே தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் சுமார் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும். உலகெங்கும் பல்லாயிரம் செயலிகள் பங்கு போட்டுக்கொண்டன. 617 இலக்கம் என்பது அதைவிடக் கொஞ்சம் கடினமல்ல, எட்டாத உயரம். அதனால்தான் நான் இரவில் தூங்குகிறேன்.

குவாண்டம் இயந்திரங்களின் நிலைமையும் இன்றைக்கு என் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை. ஐபிஎம், கூகுள் இரண்டும் நம்பியிருப்பது மீக்கடத்தி மின்சுற்றுகளை. சில்லின்மேல் அலுமினியம் போன்ற உலோகத்தில் வரைந்த சிறு சுற்றை, ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளைக் கலந்து குளிரூட்டும் பெட்டியில் தொங்கவிட்டு, தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு வரை கொண்டுபோவார்கள். விண்வெளியின் இருட்டே 2.7 டிகிரி, இது அதைவிடப் பல மடங்கு குளிர். அந்தக் குளிரில் கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்த மின்சுற்று ஒன்று, ஒற்றை அணுவைப் போல நடந்துகொள்ளும். இதை 1984, 85-இல் பெர்க்லியில் செய்துகாட்டிய ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும்தான் 2025-இன் இயற்பியல் நோபல் பரிசு. மார்ட்டினிஸ் பின்னாளில் கூகுளின் குவாண்டம் கணினியைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். தனித்தனி அயனிகளையும் அணுக்களையும் லேசரால் பிடித்துவைத்துக் கணக்குப் போடும் குழுக்களும் உண்டு. எந்த வழி ஜெயிக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

எல்லாருக்கும் பொதுவான எதிரி பிழை. ஐபிஎம் தன் இயந்திரங்களை இணையம் வழியாக மாதத்துக்குச் சில நிமிடம் இலவசமாகத் தருகிறது. அதில் இரண்டு க்யூபிட்களைப் பிணைத்து, ஒன்று 0 என்றால் மற்றதும் 0, ஒன்று 1 என்றால் மற்றதும் 1 என்று வரும்படி ஒரு சிறிய நிரல் எழுதி அனுப்பினேன். வரிசையில் காத்திருந்து விடை வந்தது. ஆயிரத்துச் சொச்சம் அளவீடுகளில் பெரும்பாலானவை 00, 11. நடுவே சில 01, சில 10. வரவே கூடாதவை. என் நிரலில் தப்பில்லை. எங்கோ ஒரு வெப்பத் துளியோ, நுண்ணலைத் துடிப்பின் பிசிறோ க்யூபிட்டைத் தடுமாற வைத்திருக்கிறது. இரண்டே க்யூபிட், இரண்டே கட்டளைக்கு இப்படி என்றால், ஷோரின் முறைக்குத் தேவையான கோடிக்கணக்கான கட்டளைகளை நினைத்துப் பாருங்கள்.

பிழைக்கு வழி பல க்யூபிட்களைச் சேர்த்து ஒரே க்யூபிட்டின் வேலையைச் செய்ய வைப்பது. குவாண்டம் தகவலைப் பிரதி எடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை என்பதால் இது முடியாத காரியம் என்று ஆரம்பத்தில் நினைத்தவர்கள் உண்டு. முடியும் என்று 1995-இல் வழி காட்டியவரும் அதே ஷோர்தான். ஆனால் காவலுக்கு வைக்கும் க்யூபிட்களும் பிழை செய்யும். கூட்டம் கூடக் கூடப் பிழையும் கூடினால் என்ன லாபம்? 2024 டிசம்பரில் கூகுள் தன் 105 க்யூபிட் ‘வில்லோ’ சில்லில் காட்டியது இதற்கான பதிலை. மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று கட்டத்தைப் பெரிதாக்க, ஒவ்வொரு படியிலும் பிழை பாதியாகக் குறைந்தது. அதே நாளில் கூகுள் சொன்ன இன்னொரு சேதி, சூப்பர் கம்ப்யூட்டருக்கு 10-க்குப் பின் 24 பூஜ்யம் போட்ட அத்தனை ஆண்டு ஆகும் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்தது என்பது. நாளிதழ்கள் அதைத்தான் தலைப்பாக்கின. எனக்கு முக்கியமாகப் பட்டது பாதியாகக் குறைந்த பிழை.

அந்தத் தலைப்புச் செய்திகளில் எனக்கு அவநம்பிக்கை வரக் காரணம் இருக்கிறது. 2019-இல் கூகுளின் 53 க்யூபிட் ‘சிக்கமோர்’, 10,000 ஆண்டு வேலையை 200 நொடியில் செய்ததாக அறிவித்தார்கள். எங்கள் கணினியில் இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் மறுத்தது. பின்னர் சீன ஆய்வாளர்கள் 512 ஜிபியூக்களை வைத்துச் சுமார் 15 மணி நேரத்தில் முடித்தார்கள். அந்தக் கணக்கும் யாருக்கும் பயன்படும் கணக்கல்ல. குவாண்டம் இயந்திரத்துக்கென்றே தைத்த சட்டை. இதைவிட எனக்குப் பிடித்த கதை யுவின் டாங்குடையது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 18 வயது மாணவி. இந்தப் படம் பார்த்தவருக்கு அடுத்து எந்தப் படம் பிடிக்கும் என்று பரிந்துரைக்கிற வேலையை மின்னல் வேகத்தில் செய்ய 2016-இல் ஒரு குவாண்டம் முறை வந்திருந்தது. சாதாரணக் கணினியால் அந்த வேகம் முடியாது என்று நிரூபித்துக் கொடு என்றார் பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன். நிரூபிக்க உட்கார்ந்த பெண், 2018-இல் சாதாரணக் கணினிக்கே ஏறக்குறைய அதே வேகம் தரும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார். செயற்கை நுண்ணறிவு, பங்குச் சந்தை, போக்குவரத்து நெரிசல் எல்லாவற்றையும் குவாண்டம் தீர்த்துவைக்கும் என்று யாராவது மேடையில் சொன்னால் நான் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். ஒழுங்கு ஏதும் ஒளிந்திராத தேடல் கணக்கில் கிடைக்கும் லாபமும் ஓரளவுதான். மீரட்டில் பிறந்து ஐஐடி டெல்லியில் படித்த லவ் குரோவர் 1996-இல் கண்டுபிடித்த முறை, பத்து லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தேட ஆயிரத்துக்கும் குறைவான படிகள் போதும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குவாண்டம் இயந்திரத்தின் ஒவ்வொரு படியும் மெதுவானது, பிழைதிருத்தம் சேர்ந்தால் இன்னும் மெதுவானது.

உண்மையான வாக்குறுதி எங்கே இருக்கிறது என்றால், இந்தக் கதை தொடங்கிய இடத்தில். 1981-இல் எம்ஐடியில் நடந்த ஒரு மாநாட்டில் ரிச்சர்ட் ஃபைன்மன் சொன்னதன் சாரம் இது: அணுக்களும் மூலக்கூறுகளும் குவாண்டம் விதிப்படி நடப்பவை; அவற்றைக் கணினியில் போலி செய்யவேண்டுமானால் கணினியும் அந்த விதிப்படி நடக்கவேண்டும். இதற்கு எங்களூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. எங்களூர் மன்னார்குடிப் பக்கம். தாளடி நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் ஈரத்தோடு உளுந்து தெளித்துவிடுவார்கள். அதற்கு யூரியா போடுவதில்லை. செடியைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த முடிச்சிலிருக்கும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனை வயல் வெப்பத்திலேயே அம்மோனியாவாக்குகிறது. அதே வேலையை உரத் தொழிற்சாலை 400, 500 டிகிரி சூட்டில், நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தில் செய்கிறது. உலகம் செலவிடும் ஆற்றலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் இதற்கே போகிறது. பாக்டீரியாவின் ரகசியம் ஏழு இரும்பு அணு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம், நடுவே ஒரு கார்பன் கொண்ட சிறு கொத்து. அதில் எலக்ட்ரான்கள் எப்படி ஒன்றையொன்று பார்த்து நகர்கின்றன என்பதைத் துல்லியமாகக் கணக்கிட இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்கள் திணறுகின்றன. என் மடிக்கணினி 30-இல் நின்ற அதே காரணம். இதற்குக் கணக்குக்குள் ஒழுங்கைத் தேடவே வேண்டாம், கணக்கே குவாண்டம். மருந்து, மின்கலம், உரம் பற்றிய நம்பிக்கைகள் இதிலிருந்து வருபவை. ஆனால் இதற்கும் பிழை திருத்திய பெரிய இயந்திரம் வேண்டும்.

எவ்வளவு பெரிய இயந்திரம்? மார்ட்டின் எக்கெராவும் கூகுளைச் சேர்ந்த கிரெய்க் கிட்னியும் 2019-இல் போட்ட மதிப்பீட்டின்படி, 617 இலக்க ஆர்எஸ்ஏ எண்ணை எட்டு மணி நேரத்தில் பிரிக்க இரண்டு கோடி க்யூபிட் தேவை. 2025 மே மாதம் அதே கிட்னி கணக்கைத் திருத்தினார்: பத்து லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். ஐபிஎம் 2023-இல் காட்டிய ‘காண்டர்’ சில்லில் 1,121 க்யூபிட்கள். இடைவெளி இன்னும் பெரிதுதான். ஆனால் இயந்திரம் ஏறிவருவதோடு தேவையும் இறங்கிவருகிறது. நம் நாட்டில் 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டம் 6,003 கோடி ரூபாயில் 2031-க்குள் 50 முதல் 1,000 க்யூபிட் வரை கட்ட இலக்கு வைத்திருக்கிறது. கணினிக்குப் பெங்களூர் ஐஐஎஸ்சி மையம், குவாண்டம் தகவல் தொடர்புக்குச் சென்னை ஐஐடி.

பூட்டு மாற்றும் வேலை இயந்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2016-இல் உலகத்துக் கணிதக்காரர்களை அழைத்து, குவாண்டம் கணினிக்கும் மசியாத பூட்டுகளைக் கொண்டுவரச் சொன்னது. வந்தவற்றை ஒருவருடையதை ஒருவர் உடைத்துப் பார்த்தார்கள். ‘சைக்’ என்ற முறை பல சுற்றுகள் தாண்டி வந்தது. 2022-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து இருவர் அதைச் சாதாரணச் செயலி ஒன்றில் ஒரு மணி நேரத்தில் உடைத்துப் போட்டார்கள். குவாண்டம் தேவையே படவில்லை. தப்பிப் பிழைத்தவற்றில் மூன்று 2024 ஆகஸ்டில் தரமாக அறிவிக்கப்பட்டன. ஐபோனின் ஐமெசேஜும் சிக்னல் செயலியும் குரோம் உலாவியும் இந்த வகைப் பூட்டுக்கு ஏற்கனவே மாறத் தொடங்கிவிட்டன. உங்கள் கைபேசியில் இருக்கலாம்.

வங்கியில் இது அத்தனை சுலபமாக நடக்காது. புதிய பூட்டுகள் பருமனானவை. ஆர்எஸ்ஏ வைத்துப் போடும் மின்னணுக் கையெழுத்து 256 பைட். புதிய தரத்தில் மிகச் சிறியதே 2,420 பைட். பழைய கருவிகளில் அதற்கு இடமே ஒதுக்கவில்லை. எங்கெங்கே எந்தப் பூட்டு இருக்கிறது என்று பட்டியல் எடுப்பதே பெரும்பாடு. யாரோ எப்போதோ எழுதிய நிரலுக்குள் சாவி புதைந்திருக்கும், எழுதியவர் கனடாவில் இருப்பார்.

இந்தப் பட்டியல் வேலையில் என்னோடு இருக்கும் மூத்த அதிகாரி ஒருவர் ஓய்வு பெறப்போகிறவர். அவருக்கு இது வீண்செலவு. “ஏம்மா, சுத்தி வளைக்காதே. அந்த மிஷின் எந்த வருஷம் வரும், அதை மட்டும் சொல்லு” என்றார்.

“வருஷம் யாராலயும் சொல்ல முடியாது சார். நம்ம பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். இன்னைக்குப் போற டேட்டாவை ஒருத்தன் அப்படியே பிடிச்சு வெச்சுக்கிறான், திறக்க முடியலை. மிஷின் வந்ததும் திறப்பான். அதுவரைக்கும் அந்த ரகசியம் செல்லுபடியானா நாம போச்சு.” கனடாவின் மிஷெல் மோஸ்கா என்ற கணிதக்காரர் சொன்ன எளிய கூட்டல் இது. ரகசியம் எத்தனை ஆண்டு காக்கப்படவேண்டும், பூட்டை மாற்ற எத்தனை ஆண்டு ஆகும், இரண்டையும் கூட்டு. இயந்திரம் அதற்கு முன்னால் வந்துவிட்டால் ஏற்கனவே தாமதம்.

“நம்ம வீட்டுக் கடன் ஃபைல் சார். பான், ஆதார், சம்பளம், பத்திர நகல், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் இருக்கு. கடன் இருபது வருஷம். பூட்டு மாத்த ஆறேழு வருஷமாவது ஆகும்.”

அவர் விரலை மடக்கிக் கூட்டினார். பிறகு, வீட்டுக் கடன் பிரிவு பட்டியலில் எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். பதினொன்றாவது என்றேன். மூன்றுக்கு ஏற்று என்றார்.